அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 24 வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். போன வாரம் பரணில் பழைய துணி மூட்டைக்குள் இரண்டு சிரிஞ்சு, வெள்ளையாகத் தூள் ஒட்டிய பாட்டில் மூடி, கொஞ்சம் பஞ்சு இருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "வலி மாத்திரைதான், நாலு மாசமா ஃபிரெண்ட்ஸோட சேர்ந்து கரைச்சு ஏத்திக்கிறேன், சீக்கிரம் விட்டுடுவேன்" என்றார். எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கலாம் என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுகிறார். மாமியார், ஏதாவது ஒரு மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதம் அடைத்துவிடலாம் என்கிறார். குழந்தைக்காகக் காத்திருப்பதால் நாங்கள் ஆணுறை உபயோகிப்பதில்லை. அவருக்குத் தெரியாமல் அவர் ரத்தத்தை லேபில் கொடுத்துச் சோதிக்க முடியுமா? நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, வட சென்னை

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் முழுக்க அவர் ரத்தத்தைப் பற்றியே இருக்கிறது. முதலில் உங்கள் ரத்தத்தைப் பார்ப்போம். அவர் ஊசியை விடுவது ஒரு வேலை. அந்த ஊசி வழியாக வரக்கூடிய கிருமி உங்களுக்கு வராமல் தடுப்பது வேறு வேலை. முதலாவதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷங்கள்கூட ஆகும். இரண்டாவதை இந்த வாரமே தொடங்கலாம், அதற்கு அவர் சம்மதம் தேவையில்லை. "அவர் முதல்ல திருந்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடுவதுதான் ஆபத்து.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மணிப்பூரின் சுராசந்த்பூரில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. ஊசி போடும், எச்.ஐ.வி. உள்ள ஆண்களின் மனைவிகளை அதில் சோதித்தார்கள். அந்தப் பெண்கள் யாரும் ஊசி போட்டவர்கள் அல்ல. 161 பேரில் சுமார் 45 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. சென்னையிலும் 1990களில் பிரவுன் சுகர் என்ற மட்டமான ஹெராயினைப் புகைத்தவர்கள் பலர், புப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட மாறினார்கள். இங்கே நடந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது: ஊசி போடும் 226 ஆண்களில் 30 சதவீதம் பேருக்கும், அவர்களுடைய துணைகளில் 5 சதவீதம் பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். கணவருக்கு வந்துவிட்டாலும் மனைவிக்கு வந்தே தீரும் என்பதில்லை. தடுக்க நேரம் இருக்கிறது, அந்த நேரத்தைச் சும்மா விட்டால் சுராசந்த்பூர் கணக்குக்குப் போய்ச் சேரும்.

ஒரு தடவைக்கான அபாயத்தைப் பார்த்தால் எண்கள் சின்னதாகத் தெரியும். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் பயன்படுத்திய ஊசியை இன்னொருவர் போட்டால், 10,000 தடவைக்குச் சுமார் 63 தடவை தொற்றும். சிகிச்சை எடுக்காத கணவரிடமிருந்து மனைவிக்கு, சாதாரண உடலுறவில், 10,000-க்குச் சுமார் 8. "அவ்வளவுதானா" என்று நினைக்க வேண்டாம். இது சராசரி. தொற்று புதிதாக வந்த முதல் சில வாரங்களில் ரத்தத்திலும் விந்திலும் கிருமி உச்சத்தில் இருக்கும், அப்போது அபாயம் பல மடங்கு. பிறப்புறுப்பில் புண் இருந்தாலும் ஏறும். உங்கள் கணவர் தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறது. இந்த ஊசியால் அவருக்குத் தொற்று வந்திருந்தால் அது புதிய தொற்றாகத்தான் இருக்கும், அதாவது அதிகம் பரவக்கூடிய கட்டம். இந்த நாலு மாதத்தில் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு என்று வந்து "வைரல் ஃபீவர்" என்று விட்டுவிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால் எச்.ஐ.வி. என்று அர்த்தமில்லை, வராவிட்டால் இல்லை என்றும் அர்த்தமில்லை. ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அது இன்னொரு காரணம்.

உங்கள் பரிசோதனைக்கு, பக்கத்து அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். ஐ.சி.டி.சி. என்று கேட்டாலும் காட்டுவார்கள். கட்டணம் இல்லை. முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார், உங்கள் சம்மதத்தை வாங்குவார், பிறகு ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே முடிவு தெரியும். முதல் டெஸ்டில் ஏதாவது தெரிந்தால் அதே ரத்தத்தில் வேறு இரண்டு வகை டெஸ்டும் செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் தொற்று என்று சொல்வார்கள். ஒரே ஒரு டெஸ்டை வைத்துத் தனியார் லேபில் கொடுக்கும் சீட்டை நம்பி நொறுங்கிப்போக வேண்டாம். ஆலோசகரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்: "வீட்டுக்காரர் ஊசி போடுறார், நாங்க ஆணுறை போடுறதில்ல." அதைச் சொன்னால்தான் எச்.ஐ.வி.யோடு சிஃபிலிஸ், மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ்) பி, சி ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் விட்டுப்போக வாய்ப்பு உண்டு. ஃபோன் நம்பர் கேட்கும்போது, அந்த ஃபோனை வீட்டில் வேறு யார் எடுப்பார்கள் என்று யோசித்துக் கொடுங்கள். "நான்தான் வருவேன், நீங்க கூப்பிட வேண்டாம்" என்று சொல்லவும் செய்யலாம்.

இங்கே பலரும் தவறுகிற இடம் ஒன்று. நம்பிக்கை மையத்தில் செய்யும் டெஸ்ட், கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். ஆகவே இன்று எடுக்கும் டெஸ்ட் இன்றைய நிலையைச் சொல்லாது, மூன்று மாதத்துக்கு முந்தைய நிலையைத்தான் உறுதியாகச் சொல்லும். இன்று "இல்லை" என்று வந்துவிட்டதே என்று நிம்மதியாகிப் பழையபடி இருந்தால் அந்தச் சீட்டு வெறும் காகிதம். இன்று ஒரு தடவை, கடைசியாக ஆணுறை இல்லாமல் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை, இடைப்பட்ட நாளில் ஒருமுறைகூடத் தவறாமல் ஆணுறை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பரிசோதனை. பெரிய லேபில் செய்யும் நாலாம் தலைமுறை டெஸ்ட் கிருமியின் ஒரு கூறையும் சேர்த்துப் பார்க்கும் என்பதால் அதில் 45 நாள் போதும்.

இனி பரணில் இருக்கும் சாமான். அதை வெறுங்கையால் தொடாதீர்கள், ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள். குத்துகிற நேரமே அதுதான். இடுக்கியால் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் ஊசி முனை கீழாகப் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் துப்புரவுப் பணியாளர் கையில் குத்தும், மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். காய்ந்த சிரிஞ்சுதானே என்று அலட்சியம் வேண்டாம். சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் எச்.ஐ.வி. ஆறு வாரம் வரையும், மஞ்சள் காமாலை சி கிருமி ஒன்பது வாரம் வரையும் உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்கவோ டெட்டால் ஊற்றவோ வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் "பெப்" என்று கேளுங்கள். கிருமி பட்ட பிறகும் எச்.ஐ.வி. வராமல் தடுக்கத் தரும் மருந்து அது: தினம் ஒரு மாத்திரை, 28 நாள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆணுறை கிழிந்துபோனாலும் இதே 72 மணிக் கணக்குதான். உங்கள் கடிதத்துக்கு முந்தைய நாட்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது, இனி ஏதாவது நடந்தால் ஒரு மணி நேரத்தையும் வீணாக்காதீர்கள்.

அந்தப் பாட்டில் மூடியையும் பஞ்சையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "நான் என் சிரிஞ்சுதான் போடுறேன்" என்று அவர் சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாலு பேர் ஒரே மூடியில் கரைத்து, ஒரே பஞ்சு வழியாக இழுத்து, ஒரே டம்ளர் தண்ணீரில் சிரிஞ்சைக் கழுவினால், ஒருவர் ரத்தம் எல்லோருக்கும் போகிறது. மஞ்சள் காமாலை சி பரவ இந்த மூடியும் தண்ணீருமே போதும். சிரிஞ்சு வகையிலும் வித்தியாசம் உண்டு. ஊசியைத் தனியாகக் கழற்றி மாட்டும் சிரிஞ்சில், கடைசிவரை அழுத்திய பிறகும் கழுத்துப் பகுதியில் சுமார் 84 மைக்ரோலிட்டர் தங்கும். ஊசி சிரிஞ்சோடு ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் தங்குவது 2 மைக்ரோலிட்டர் அளவுதான். பிளீச் ஊற்றிக் கழுவினால் போதும் என்பதை நம்பக் கூடாது. ஒன்றுமே கிடைக்காத இடத்தில் செய்யும் கடைசி முயற்சி அது, சி கிருமியை முழுதாகக் கொல்லும் என்று சொல்ல முடியாது. அவர் இன்றே விடப்போவதில்லை என்றால், விடும்வரை ஒவ்வொரு தடவையும் புதிய சிரிஞ்சு, தனி மூடி, தனித் தண்ணீர், தனிப் பஞ்சு. இதைச் சொல்வது போதைக்குத் துணை போவதாக உங்களுக்குத் தோன்றலாம். அப்படி இல்லை. அவர் விடும் நாளில் எச்.ஐ.வி. இல்லாமல் விட வேண்டும், அதற்காக.

மாத்திரையைக் கரைத்து ஏற்றுவதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. வாயில் போட்டு விழுங்கச் செய்த மாத்திரையில் டால்க், மாவு போன்ற நிரப்புப் பொருள்கள் உண்டு. அவை தண்ணீரில் கரையாது, பஞ்சிலும் முழுதாகத் தங்காது. ரத்தக் குழாயை அடைத்துப் புண்ணாக்கும், நுரையீரலில் போய்த் தங்கும். கை கால் சிவந்து வீங்கினாலோ, குளிர் காய்ச்சல் விட்டு விட்டு வந்தாலோ, ஊசி வழியாகப் போன வேறு கிருமி தோலிலோ இதய வால்விலோ உட்கார்ந்திருக்கலாம். பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

ஆணுறை விஷயத்துக்கு வருவோம். ஊசி போடுபவர்களின் வீடுகளில் ஆணுறை ஏன் கிழிகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வலி மாத்திரை வகைப் போதையில் ஆசை குறையும், விந்து வெளியேற வெகுநேரம் ஆகும். நேரம் நீண்டால் ஈரம் வறண்டு, உராய்ந்து, ஆணுறை கிழியும், உங்களுக்கும் உள்ளே சிராய்ப்பு ஏற்படும். மருந்து இறங்கும் நேரத்தில் இதற்கு நேர்மாறாக, உடனே முடிந்துவிடும். அதற்குப் பயந்தே சிலர் மறுபடியும் போட்டுக்கொள்வார்கள். ஆகவே வழுக்கும் ஜெல்லும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் சார்ந்த ஜெல்லாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், வாசலின் பட்டால் சில நிமிஷங்களிலேயே ரப்பர் பலவீனமாகிவிடும். ஆட்டோ டேஷ்போர்டு வெயிலில் கிடந்த பாக்கெட்டைப் பயன்படுத்தாதீர்கள். அவர் மயக்கத்தில் இருக்கும் இரவில் ஆணுறை பற்றிப் பேசிப் பலன் இல்லை, தெளிந்திருக்கும் காலையில் பேசுங்கள். அவர் மறுத்துக்கொண்டே இருந்தால், உங்களுக்கென்று "பிரெப்" மாத்திரை இருக்கிறது. தொற்று இல்லாதவர் தினமும் சாப்பிடுவது. உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை என்றும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் உண்டு. பெண்களுக்கு முழுப் பாதுகாப்பு வர மூன்று வாரம் போலத் தினமும் சாப்பிட்டிருக்க வேண்டும். காப்பர்-டி, கருத்தடை மாத்திரை எதுவும் இந்தக் கிருமியைத் தடுக்காது.

ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே குளியலறை, முத்தம், கொசு: இவற்றால் வராது. அவருடைய ஷேவிங் பிளேடை மட்டும் யாரும் தொட வேண்டாம்.

இப்போது அவர். தெரியாமல் ரத்தம் கொடுத்துச் சோதிப்பது முடியாது, கூடாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவருடைய சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. சட்டத்தை விடுங்கள், தெரியாமல் செய்து தொற்று இருக்கிறது என்று வந்தால் அதை அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? அந்த நிமிஷத்தில் அவர் நம்பிக்கை போய்விடும். ஆயுள் முழுக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியவர், ஏமாற்றப்பட்ட கோபத்தோடு சிகிச்சையைத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவார். அதைவிட உங்கள் முடிவை முன்னால் வைத்துப் பேசுங்கள்: "நான் போய் டெஸ்ட் எடுத்துட்டு வந்துட்டேன். மூணு மாசம் கழிச்சுத் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் காண்டம் இல்லாம முடியாது. நீங்க எந்த நாள் லீவு போடுவீங்கன்னு சொல்லுங்க, நானும் கூட வரேன்." திட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. பேசினால் கை ஓங்குவார் என்று பயம் இருந்தால் தனியாகப் பேச வேண்டாம், ஆலோசகரை வைத்துப் பேசுங்கள். 181 பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

போலீஸ் பயத்துக்குப் பதில்: நம்பிக்கை மையம் பரிசோதனை முடிவை போலீசுக்கு அனுப்பும் இடம் அல்ல. தொற்று தடுப்புக்காகச் சுத்தமான ஊசி கொடுப்பதையும் பெறுவதையும் குற்றமாக்க முடியாது என்று அதே 2017 சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப் பழக்கம் உள்ளவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், சிறிய அளவுக் குற்றங்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. அவர் கையில் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கொடுங்கள்.

மாமியார் சொல்லும் ஆறு மாத அடைப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. மருந்தே இல்லாமல் அடைத்து வைத்தால் உடம்பு பழகிய அளவை மறந்துவிடும். வெளியே வந்த முதல் வாரங்களில் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். ஊசி போடுபவர்கள் அதிகம் இறப்பது இந்த வாரங்களில்தான். அதற்குப் பதிலாக இருப்பது ஓ.எஸ்.டி., அதாவது ஊசிப் போதைக்குப் பதிலாக டாக்டர் கண்காணிப்பில் வேறு மருந்து தரும் சிகிச்சை. புப்ரெனார்ஃபின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுவார்கள். ஆரம்பத்தில் தினமும் மையத்துக்குப் போய் அவர்கள் கண்ணெதிரே சாப்பிட வேண்டும், இலவசம். 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்து இது. இவ்வகைச் சிகிச்சையில் இருப்பவர்களிடம் புதிய எச்.ஐ.வி. தொற்று பாதிக்கும் மேல் குறைந்ததைப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சை முதல் நாளிலேயே கெட்டுப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே புப்ரெனார்ஃபினை வைத்தால், அது பழையதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும். வாந்தி, வலி, நடுக்கம் எல்லாம் ஒரே அடியாக வரும். "மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று வந்தவர் ஓடிவிடுவார். அதனால் கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் விட்டு, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வியர்வை தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. கடைசியாக எப்போது, எதைப் போட்டார் என்று டாக்டரிடம் பொய் சொல்லக் கூடாது. இரண்டாவது தவறு, ஒரு மாதம் நன்றாக இருந்ததும் வீட்டார் "இதுவும் ஒரு போதைதானே" என்று நிறுத்தச் சொல்வது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவரை அப்படி நிறுத்தச் சொல்ல மாட்டோம். மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருஷக்கணக்கில் தொடர வேண்டும், டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும். பக்கத்தில் எந்த மையம் என்று 1097 இலவச எண்ணில் கேளுங்கள், தமிழில் பேசுவார்கள். 14446 போதை மீட்பு உதவி எண்.

அவர் வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்க்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்தால் மூச்சு அடங்கும். உதடு நீலமாகி, குறட்டைபோல இழுத்து, தட்டினாலும் எழாவிட்டால் 108. "மூச்சு இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நின்றால் மூக்கைப் பிடித்து வாயில் ஊதுங்கள். ஆஸ்பத்திரியில் என்ன போட்டார் என்பதை மறைக்காதீர்கள், போதையை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. உப்புத் தண்ணீர், பால் எதுவும் கொடுக்க வேண்டாம், புரையேறும்.

குழந்தையைத் தள்ளிவைக்கத்தான் சொல்கிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவருக்கும் இரண்டாவது டெஸ்டிலும் இல்லை என்று வந்து, அவர் பகிர்வதையும் நிறுத்தியிருந்தால் தடை இல்லை. அவருக்கு இருந்தாலும் வழி உண்டு. எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரு மாத்திரை, தினமும், இலவசம். ஆறு மாதத்தில் ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்ப்பார்கள். அது கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்தால் உடலுறவில் உங்களுக்குப் பரவாது. இதற்கு ஆரம்ப ஆதாரம் தந்த எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு மையம். 1,763 தம்பதிகள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்ததை 2011-இல் அறிவித்தார்கள். ஆனால் இது உடலுறவுக்கு மட்டும் நிரூபிக்கப்பட்டது. "எனக்குத்தான் கிருமி தெரியலையே" என்று சிரிஞ்சைப் பகிர்ந்துகொள்ள இது அனுமதி அல்ல. உங்களுக்கே தொற்று இருந்தால்கூட, கர்ப்பம் முழுக்கச் சிகிச்சையும் பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தால், குழந்தைக்கு வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழ்.

மஞ்சள் காமாலை பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என மூன்று ஊசி. டெஸ்டில் இல்லை என்று வந்ததும் இருவரும் போட்டுக்கொள்ளுங்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது. வந்திருந்தால் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் குணமாகும், தேசிய திட்டத்தில் இலவசம். குணமான பிறகு மறுபடி ஊசி பகிர்ந்தால் மறுபடி வரும்.

நம்பிக்கை மையத்துக்கு வேலை நாளில் காலையிலேயே போய்விடுங்கள், முடிவை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்பலாம். வெறும் வயிறு தேவையில்லை. மூன்று மாதம் கழித்து வரும் தேதியை ஆலோசகரையே எழுதித் தரச் சொல்லி, உங்கள் ஆதார் அட்டை உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.